தாத்தாவோட பழைய ஜீப்ப ஆஃப்ரோடு கூட்டத்துக்கு கொண்டு போகணும், டீசல் எஞ்சின் மாத்திட்டு போகலாமா?

கேள்விய சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியட்டும். பொள்ளாச்சி பக்கம் தோப்புல தாத்தா ஓட்டுன பெட்ரோல் ஜீப் ஒண்ணு பல வருஷமா ஷெட்டுல நிக்குது. பழைய ஃபோர் வீல் வண்டி வச்சிருக்கவங்க மலைப்பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்ல ரெண்டு நாள் கூடுறாங்க, அதுக்கு வாங்கன்னு கேள்வி கேட்ட தம்பிய கூப்பிட்டிருக்காங்க. டீசல் எஞ்சின் தூக்கி வச்சு, பெரிய டயர் போட்டு, புது பெயிண்ட் அடிச்சு கொண்டு போகலாமா, இல்ல அப்படியே கொண்டு போனா அசிங்கமா இருக்குமா, அங்க போய் என்னதான் பண்ணுவாங்க, இதுதான் கேள்வி.

முதல்ல பதில சொல்லிடறேன். எஞ்சின மாத்தாதீங்க. டயர மாத்தாதீங்க. பெயிண்ட் இப்ப வேண்டாம், காசு இருந்தா அத்தனையையும் பிரேக்குல போடுங்க. வண்டி அதுக்குள்ள ரெடி ஆகலன்னா இந்த தடவை வண்டி இல்லாமலே போங்க, உங்க தாத்தா காலத்துல அந்த ஜீப்புக்கு வேலை பார்த்த மெக்கானிக் உயிரோட இருந்தா அவர கூட்டிட்டு போங்க. நீங்க வண்டி கொண்டு வர்றத விட அவர் வர்றது அங்க இருக்குறவங்களுக்கு பெரிய விஷயம். ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

இந்த மாதிரி கூட்டத்த வெளிய இருந்து பார்க்குறவங்க கார் கண்காட்சி மாதிரின்னு நினைச்சிக்கிறாங்க, பளபளன்னு துடைச்சு வரிசையா நிறுத்தி போட்டோ எடுப்பாங்கன்னு. இல்லன்னா சேத்துல வண்டிய விட்டு எஞ்சின் கத்த கத்த ஏத்துற போட்டின்னு நினைக்கிறாங்க. பழைய வண்டிக்காரங்க கூடுறது இது ரெண்டும் இல்ல. காலைல டீ குடிச்ச கையோட எல்லா பானட்டும் திறந்துரும். ஒருத்தர் தார்ப்பாய விரிச்சு கொண்டு வந்த ஸ்பேர்ஸ் எல்லாம் பரப்புவார், பழைய கார்புரேட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுவைய முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரிச்சு விடுற பெட்டி) கியர், மீட்டர் போர்டு, எங்கயோ காயலான்கடைல பொறுக்கின ஹெட்லைட் ரிம்மு. விலைக்கும் போகும், பண்டமாத்தும் நடக்கும், சும்மாவும் குடுப்பாங்க. சென்னைல புதுப்பேட்டைல தேடினா ஒரு காலத்துல கிடைக்காததே இல்ல, இப்ப பழைய பெட்ரோல் ஜீப் சாமான் அங்கயும் குறைஞ்சு போச்சு, ஆக யார்கிட்ட எது இருக்குன்னு தெரியுற இடம் இந்த தார்ப்பாய்தான். அப்புறம் எட்டு மணி வாக்குல வரிசையா கிளம்பி எஸ்டேட் ரோடு, ஓடை, ஏத்தம்னு மெதுவா ஒரு சுத்து. ரெண்டு வண்டி நிக்கும். நிக்கிற வண்டிய சுத்தி பத்து பேர் கூடி சரி பண்றாங்க பாருங்க, அதுதான் உண்மையிலேயே அங்க நடக்குற படிப்பு.

சரி, உங்க வண்டி என்ன வண்டின்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. வீட்டுல எல்லாரும் "மிலிட்டரி ஜீப்பு"ன்னு சொல்லுவாங்க, முக்கால்வாசி நேரம் அது மிலிட்டரி ஜீப்பா இருக்காது. பானட் உயரமா, முன் கிரில்லும் உயரமா, ஸ்டீரிங் வலது பக்கம் இருந்தா அது சிஜே-3பி, அமெரிக்காவோட வில்லிஸ் கம்பெனி லைசன்ஸ்ல மகிந்திரா பம்பாய்ல பண்ணது. தோட்டத்து வண்டின்னா பெரும்பாலும் இதுதான். பானட் தட்டையா தாழ்வா, ஸ்டீரிங் இடது பக்கம், பின்னாடி கதவு இல்லாம ஸ்டெப்னி மாட்டியிருந்தா கொஞ்சம் நிதானிச்சு பாருங்க, அது ரெண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் எம்பியாவோ ஃபோர்டு ஜிபிடபிள்யூவாவோ இருக்கலாம். அதுல டிரைவர் சீட்டு குஷன தூக்கினாத்தான் பெட்ரோல் டேங்க் மூடி தெரியும், பெட்ரோல் போடணும்னா ஓட்டுறவர் எந்திரிக்கணும். போருக்கு அப்புறம் வந்த சிவிலியன் ஜீப்புல மூடி பாடிக்கு வெளிய வந்துடுச்சு, பின்னாடி டெயில்கேட்டும் வந்துடுச்சு, கிரில்லுல ஒன்பது ஓட்டை ஏழாச்சு, ஹெட்லைட் பெருசாச்சு.

போர் கால ஜீப்புல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விஷயம் ஹெட்லைட்டு. கிரில்லுக்கு பின்னாடி ஒரு பிராக்கெட்ல நிக்குது, ஒரு விங் நட்ட லூஸ் பண்ணா லைட்ட அப்படியே பின்னாடி திருப்பி எஞ்சின் மேல அடிக்க விடலாம். ராத்திரி காட்டுக்குள்ள வண்டி நின்னா கைல டார்ச் இல்லாமலே வேலை பார்க்கலாம். 1940ல இத யோசிச்சிருக்காங்க. கூட்டத்துக்கு அந்த மாதிரி வண்டி வந்தா உரிமையாளர்கிட்ட கேளுங்க, எல்லாரும் சந்தோஷமா திருப்பி காட்டுவாங்க.

வில்லிஸா ஃபோர்டான்னு பிரிக்கிறது தனி கலை. ஃபோர்டு கம்பெனி தன் பங்குக்கு பண்ண சாமான்ல, போல்ட் தலைல கூட, சின்னதா ஒரு எஃப் எழுத்து குத்தி விட்டுச்சு. சேஸிஸ்ல முன் கிரில்லுக்கு கீழ போற குறுக்கு சட்டம் உருண்டை பைப்பா இருந்தா வில்லிஸ், மடிச்ச தகடா கட்டமா இருந்தா ஃபோர்டு. ஃபோர்டுல சேஸிஸ் நம்பர் இடது பக்க சட்டத்து மேலயே குத்தியிருக்கும், வில்லிஸ்ல முன்பக்கம் இடது சட்டத்து உள்பக்கமா ஒரு சின்ன தகடு ரிவெட் அடிச்சிருக்கும், நம்மூர்ல அந்த தகடு பாதி வண்டில விழுந்து போயிருக்கும். எண்பது வருஷத்துல எத்தனையோ கை மாறி வில்லிஸ் சேஸிஸ்ல ஃபோர்டு பாடி, ஃபோர்டு ஆக்ஸில்ல வில்லிஸ் ஹப்புன்னு கலந்து போயிருக்கும், அத வச்சு யாரையும் மட்டமா பேசாதீங்க, போர்க்களத்துலயே மாத்தி மாத்தி மாட்டித்தான் ஓட்டுனாங்க. ரெண்டு கம்பெனி பண்ணாலும் சாமான் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்ங்கறதுதான் அமெரிக்க ராணுவத்தோட நிபந்தனையே.

இந்த கதைல பாவப்பட்ட கம்பெனி ஒண்ணு இருக்கு, அத சொல்லாம போக மனசு வரல. 1940ல அமெரிக்க ராணுவம் இப்படி ஒரு சின்ன வண்டி வேணும்னு 135 கம்பெனிக்கு எழுதுச்சு, முதல் வண்டிய 49 நாள்ல குடுக்கணும்னு கெடு. பென்சில்வேனியால பட்லர் ஊர்ல இருந்த பாண்டம்ங்கற சின்ன கம்பெனிதான் அந்த கெடுவுக்கு வண்டிய முடிச்சது. கார்ல் புரோப்ஸ்ட்னு ஒரு எஞ்சினியர் வரைஞ்சு குடுத்தது. செப்டம்பர் 23ம் தேதி மேரிலாண்ட்ல இருக்குற ஹோலபர்ட் முகாமுக்கு வண்டிய ஓட்டிட்டே போய் நிறுத்துனாங்க. ராணுவத்துக்கு வண்டி பிடிச்சு போச்சு, ஆனா இந்த சின்ன கம்பெனியால ஆயிரக்கணக்குல பண்ண முடியாதுன்னு வரைபடத்த வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிட்டாங்க. கடைசில வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல பண்ணாங்க, பாண்டம் பண்ணது 3 ஆயிரத்துக்கும் கம்மி. இப்ப அதே பட்லர்ல பாண்டம் பேர்லயே ஜீப் திருவிழா நடக்குது, 2011ல ஆரம்பிச்சது. தோத்த கம்பெனி பேர அந்த ஊர் விடாம வச்சிருக்குறது எனக்கு ரொம்ப மரியாதையா படுது.

நம்ம நாட்டுக்கு ஜீப் வந்ததும் அந்த போராலதான். பர்மா, சீனா பக்கம் சண்டைக்கு வந்த அமெரிக்கப் படை இங்க விட்டுட்டு போன வண்டிங்க டிஸ்போசல்ல ஏலம் போச்சு, எஸ்டேட் துரைங்க, மிராசுதாருங்க, மில் முதலாளிங்க எடுத்தாங்க. இன்னொரு பக்கம் 1945ல லூதியானால மகிந்திரா அண்ட் முகமதுன்னு இரும்பு வியாபாரமா ஆரம்பிச்ச கம்பெனி வில்லிஸ் ஜீப்ப கொண்டு வந்து இங்க பூட்ட ஆரம்பிச்சது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்கப்புறம் பாகிஸ்தானுக்கு போய் அங்க முதல் நிதியமைச்சரானார், கம்பெனி மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆச்சு. அதுக்கப்புறம் சிஜே-3பி பல பத்து வருஷம் நம்ம ரோட்டுல ஓடுச்சு, போலீஸ், ஃபாரஸ்ட், பிடிஓ ஆபீஸ், டவுன்ல சினிமா விளம்பரம் பண்ற வண்டி வரைக்கும் அதுதான்.

இப்ப எஞ்சின் விஷயத்துக்கு வரேன், இதுலதான் நான் பிடிவாதமா நிக்கிறேன். உங்க வண்டி சிஜே-3பியா இருந்தா உள்ள இருக்குறது ஹரிக்கேன் எஃப்-ஹெட் எஞ்சின், 2.2 லிட்டர், நாலு சிலிண்டர். இன்டேக் வால்வு மேல ஹெட்டுல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குல இருக்கும். இப்படி ஹெட்டு உயரமானதாலதான் பானட்டையே உயர்த்துனாங்க, அந்த வண்டியோட முகமே இந்த எஞ்சினாலதான் அப்படி இருக்கு. போர் காலத்து எஞ்சின்ல ரெண்டு வால்வும் பிளாக்குலயே, 60 குதிரைத்திறன். எண் சின்னதா தெரியும், ஆனா இந்த எஞ்சினுங்க கீழ் வேகத்துல இழுக்குற இழுவை இருக்கே, ஆக்ஸிலேட்டர லேசா தொட்டா போதும், பாறை மேல டிக் டிக்னு நடந்து ஏறும். அந்த சின்ன வண்டிக்கு இதுக்கு மேல பவர் தேவையே இல்ல. கனமான டீசல் எஞ்சின தூக்கி வச்சா முன்பக்கம் பாரம் ஏறும், முன் பட்டை தொங்கும், அதிர்வுல பாடி வெல்டிங் விடும், கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் அந்த டார்க்குக்கு பண்ணது இல்ல. மைலேஜுக்காகன்னு சொல்லுவாங்க. வருஷத்துக்கு சில நூறு கிலோமீட்டர் ஓட்டப்போற வண்டிக்கு மைலேஜ் கணக்கு எதுக்கு?

அந்த காலத்துல மாத்துனவங்கள நான் குறை சொல்லவே மாட்டேன். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங்ல இருந்து 3,636 மீட்டர் உயரத்துல இருக்குற சந்தக்பூவுக்கு 1950கள்ல வந்த லேண்ட் ரோவருங்க காலம் காலமா ஆளையும் அரிசியையும் ஏத்திட்டு போயிட்டு இருந்துச்சு, அதுல பல வண்டில இன்னிக்கு இருக்குறது மகிந்திரா டீசல் எஞ்சின்தான். அது பிழைப்பு, ஒரு நாள் வண்டி நின்னா வீட்டுல அடுப்பு எரியாது, அவங்க எத வச்சாலும் அந்த வண்டிய உயிரோட வச்சிருக்காங்கன்னு கும்பிடணும். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்ல தம்பி.

சட்டமும் இதுல உங்க பக்கம் இல்ல. மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52 படி ஆர்சில இருக்குறதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் கம்பெனி குடுத்த அமைப்ப மாத்துறதுக்கு எதிரா தீர்ப்பு சொல்லியிருக்கு. அத விட முக்கியம், 2021ல வந்த விண்டேஜ் வாகன விதி. 50 வருஷம் தாண்டின, சொந்த உபயோகத்துக்கு இருந்த டூ வீலர், ஃபோர் வீலர் இதுல வரும், ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாத்தாம ஒரிஜினலா இருக்கணும். புது பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஏற்கனவே பதிவான வண்டிக்கு பழைய நம்பரே இருக்கும், புதுசா பதியறதுக்கு நடுவுல விஏன்னு எழுத்து வரும். இதுல பதிஞ்சா தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது, கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு, இந்த மாதிரிதான் ரோட்டுல எடுக்கலாம். நீங்க போற கூட்டத்துக்கு போறதுக்கு எது வேணுமோ அது இதுல இருக்கு. இன்னிக்கு டீசல் எஞ்சின் வச்சீங்கன்னா நாளைக்கு இந்த கதவு உங்களுக்கு மூடிடும். தாத்தா பேர்ல இருக்குற ஆர்சிய பீரோல தேடி எடுங்க, வாரிசு பேருக்கு மாத்துற வேலைய உடனே ஆர்டிஓ ஆபீஸ்ல ஆரம்பிங்க. வண்டி வேலைய விட காகித வேலைதான் அதிக நாள் இழுக்கும்.

பல வருஷம் நின்ன வண்டிய சாவிய போட்டு செல்ஃப் அடிச்சு கிளப்பி பார்க்குற ஆசை எல்லாருக்கும் வரும், தயவு செஞ்சு பண்ணாதீங்க. பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊற விடுங்க, அப்புறம் நியூட்ரல்ல வச்சு முன்னாடி ஹேண்டில் போட்டு கையால சுத்துங்க. ஹேண்டில பிடிக்கும்போது கட்டைவிரல் மத்த விரலோட ஒரே பக்கமா இருக்கணும், சுத்தி பிடிச்சா எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் போயிடும். டேங்க்ல இருக்குற பெட்ரோல் கெட்டு போயிருக்கும், டேங்கையே இறக்கி துரு கழுவணும். ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பு டயாஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்குற ரகமா பார்த்து மாத்துங்க, இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, பழைய ரப்பர் அதுல ஊறி உப்பிடும், பெட்ரோல் ஒழுகுற இடம் சூடான மேனிஃபோல்டுக்கு பக்கம்ங்கறத மறந்துடாதீங்க.

பிரேக்கு. இந்த ஜீப்புங்கள்ல மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடில இருக்கும், நாலு வீலுக்கும் ஒரே லைன். ஒரு இடத்துல ஹோஸ் வெடிச்சா நாலு வீலும் போச்சு, கால் தரைக்கு போயிடும். ஆகவே மாஸ்டர் கிட்டு, நாலு வீல் சிலிண்டரும், எல்லா ஹோஸும் புதுசு. ஹேண்ட் பிரேக் வீல்ல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு பின்னாடி ஷாஃப்ட்ல ஒரு டிரம்ம பிடிக்கும். அங்க இருக்குற ஆயில் சீல் கசிஞ்சா எண்ணெய் நேரா அந்த லைனிங்ல ஊறும், மேட்டுல நிறுத்தி லீவர இழுத்தா வண்டி பாட்டுக்கு பின்னாடி உருளும். பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக் பிடிக்காதுன்னு பொதுவா சொல்றாங்களே, அதுக்கு பெரும்பாலும் இந்த சீல்தான் காரணம், கொஞ்ச காசு சமாச்சாரம். அது மாறுற வரைக்கும் கூடவே ரெண்டு மரக்கட்டை வச்சிருங்க, டயருக்கு முட்டு குடுக்க.

டயர பத்தி. 6.00-16, ஒல்லியா உயரமா இருக்கும், பார்க்க சாதாரணமா இருக்கும். அந்த ஒல்லி டயர் மேல இருக்குற சேற அறுத்துட்டு கீழ கெட்டி மண்ண போய் பிடிக்கும். அகலமான டயர் போட்டா ஸ்டீரிங் இரும்பா கனக்கும், முன் சக்கரம் திரும்புற முளையான கிங் பின் தேயும், ஒரு வேகத்துல முன் சக்கரம் ரெண்டும் பேயாட்டம் ஆடும், ஓட்டுனவங்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். காத்த கொஞ்சம் குறைச்சா பிடிமானம் நல்லா கூடும், ஆனா இது டியூப் டயர், ரொம்ப குறைச்சீங்கன்னா டயர் ரிம்முல வழுக்கி டியூப் வால்வ பிச்சு எடுத்துரும்.

ஓட்டுற விஷயத்துல கூட்டத்துல பெரியவங்க சொல்லிக் குடுப்பாங்க, ரெண்டு மூணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. மெயின் கியர் லீவருக்கு பக்கத்துல ரெண்டு குட்டி லீவர் இருக்கும், ஒண்ணு முன் ஆக்ஸிலுக்கு, ஒண்ணு ஹை-லோவுக்கு (ஹை சாதாரண ஓட்டத்துக்கு, லோ மெதுவா இழுத்து ஏற). முதல்ல ஃபோர் வீல் போடணும், அப்பதான் லோ விழணும், அப்படித்தான் பண்ணியிருக்காங்க. தார் ரோட்டுல ஃபோர் வீல்ல ஓட்டாதீங்க, முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு லீவரே வெளிய வராது. இந்த கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ (ஓட்டத்துலயே கியர் சுலபமா விழ வைக்கிற அமைப்பு) கிடையாது, அதனால இறக்கத்துல பாதி இறங்கினப்புறம் ஃபர்ஸ்ட் போடலாம்னு நினைச்சா கியர் கடிக்குமே தவிர விழாது, அதுக்குள்ள வண்டி நியூட்ரல்ல ஓடிடும். இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே நிறுத்தி, லோவும் ஃபர்ஸ்டும் போட்டு, கிளட்ச்ல இருந்து கால எடுத்துட்டு எஞ்சின் பிடிலயே இறங்கணும். ஸ்டீரிங்க பிடிக்கும்போது இங்கயும் கட்டைவிரல் வளையத்துக்கு உள்ள போகக்கூடாது, பவர் ஸ்டீரிங் இல்ல, சக்கரம் கல்லுல அடிச்சா ஸ்டீரிங் சுழண்டு விரல உடைக்கும். ஓடைல தண்ணி ஆழமா இருந்தா ஃபேன் பெல்ட்ட கழட்டிட்டு போங்க, இல்லன்னா ஃபேன் தண்ணிய வாரி பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டர் மேல அடிக்கும். கரை ஏறினதும் பிரேக்க லேசா மிதிச்சபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்ம காய வைங்க. சாயங்காலம் டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலர்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா தண்ணி போயிருக்கு.

ஏத்தத்துல உங்க வண்டி நிக்க வாய்ப்பு இருக்கு, அப்ப பயந்துக்காதீங்க. வெயில்ல லோ கியர்ல ரொம்ப நேரம் ஏறினா பெட்ரோல் லைன் சூடாகி பெட்ரோலே ஆவியாகி அடைச்சுக்கும், பம்பு இழுக்க ஒண்ணும் இருக்காது, வண்டி இருமி இருமி நின்னுடும். செல்ஃப போட்டு பாட்டரிய காலி பண்ணாதீங்க. பானட்ட திறந்து ஈரத்துணிய பம்பு மேலயும் லைன் மேலயும் சுத்தி பத்து நிமிஷம் விட்டா கிளம்பிடும். இத நீங்க படிச்சு தெரிஞ்சுக்கலாம். ஆனா நின்னது ஆவி அடைப்பாலயா, கண்டன்சர் போனதாலயா, கார்புரேட்டர்ல தூசியாலயான்னு நின்ன விதத்த வச்சே சொல்றாங்க பாருங்க பழைய மெக்கானிக்குங்க, திடீர்னு அறுந்த மாதிரி நின்னா கரண்ட்டு, இழுத்து இழுத்து நின்னா பெட்ரோல்னு காதுலயே பிரிப்பாங்க, அத எழுத்துல இருந்து கத்துக்க ரொம்ப கஷ்டம். பக்கத்துல நிக்கணும்.

இதுக்குத்தான் நான் அவர கூட்டிட்டு போகச் சொன்னேன். சாமான் இன்னிக்கும் கிடைக்குது, பிலிப்பைன்ஸ்ல போர் கால ஜீப்புக்கு முழு பாடியே புதுசா அடிச்சு விக்கிறாங்க, காசு குடுத்தா கப்பல்ல வரும். எஃப்-ஹெட் எஞ்சின பிரிச்சு எக்ஸாஸ்ட் வால்வுக்கு டாப்பெட் கிளியரன்ஸ் வச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டோட இடைவெளிய கண்ணளவுலயே பார்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷிம் வச்சு பூட்டத் தெரிஞ்ச கை கப்பல்ல வராது. அப்படிப்பட்டவங்க பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், தேனி, நாகர்கோவில்னு ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர்தான் மிச்சம், வயசு எழுபது தாண்டியாச்சு, பட்டறைய மூடிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்காங்க, இந்த வேலைக்கு இனி ஆள் வராதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. கூட்டம் நடத்துறவங்ககிட்டயும் நான் எப்பவும் கேட்டுக்கறது இதுதான், ஸ்பான்சருக்கும் விஐபிக்கும் நாற்காலி போடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்குக்கு போடுங்க, ஒரு எஞ்சின பிரிச்சு பூட்டுற வேலைய அவர் கையால பண்ண விட்டு இளவட்டம் சுத்தி நின்னு பார்க்கட்டும், வீடியோ எடுத்து வைங்க, அவருக்கு கூலி குடுங்க, சும்மா சால்வை போர்த்தி அனுப்பாதீங்க. ஜாங்கா வண்டிக்கும் இதே நிலைமைதான், ஜபல்பூர்ல ராணுவத்துக்காக நிசான் பேட்ரோல் டிசைன்ல பண்ணது, 1999ல நிறுத்திட்டாங்க, ஏலத்துல எடுத்தவங்க நிறைய பேர் அந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் தெரிஞ்ச ஆள் கிடைக்காமத்தான் டீசலுக்கு மாத்திட்டாங்க. எஞ்சின் சாகுறதுக்கு முன்னாடி அதோட மெக்கானிக் போயிடறார்.

வெளிநாட்டுல இந்த கூட்டங்க எப்படி நிலைச்சதுன்னு பார்த்தாலும் ஊர்க்காரங்கதான் ஆரம்பம். 1953ல கலிபோர்னியால ஜார்ஜ்டவுன்னு ஒரு சின்ன ஊர்ல மார்க் ஸ்மித்தும் அவர் கூட்டாளிகளும் 55 ஜீப்புல 155 பேர கூட்டிட்டு ரூபிகான் பாதைல பாறை பாறையா தாண்டி தாஹோ ஏரிக்கு போனாங்க, ஊருக்கு கொஞ்சம் வருமானம் வரட்டும்னு நாலு பேர் உட்கார்ந்து யோசிச்சது, அது இன்னிக்கும் நடக்குது. யூட்டால மோவாப் ஊர்ல ஈஸ்டர் சமயத்துல கூடுறது 1967ல அந்த ஊர் வியாபாரிங்க சங்கம் ஒரே ஒரு நாள் பயணமா ஆரம்பிச்சது, இப்ப ஒன்பது நாள் நடக்குது. நம்ம பக்கமும் அந்த ஊர்க்காரங்க உண்டு, கொழுக்குமலைக்கு சூரியநெல்லில இருந்து தினம் ஜீப் ஏத்துற டிரைவருங்கள பாருங்க, அவங்க கல்லு பார்த்து சக்கரம் வைக்கிற நேர்த்தி எந்த போட்டில ஜெயிச்சவருக்கும் குறைஞ்சது இல்ல. அவங்கள யாரும் இந்த கூட்டத்துக்கு கூப்பிடுறதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம்.

போறதுக்கு முன்னாடி ஏற்பாடு பண்றவங்ககிட்ட மூணு விஷயம் கேட்டுருங்க. பாதை முழுக்க தனியார் நிலமா, எங்கயாவது காப்புக்காட்டுக்குள்ள போகுதா? அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள வண்டி போனா அது குற்றம், வண்டியும் மாட்டும், யானை வழித்தடத்துல சத்தம் போட்டுட்டு போறது அதுக்கும் மேல தப்பு. அந்த மாதிரி கூட்டம்னா எவ்வளவு பெரிய ஆள் நடத்தினாலும் போகாதீங்க. ரெண்டாவது, குடிச்சிட்டு ஓட்ட விடுவாங்களா. மூணாவது, வண்டி மாட்டினா இழுக்குறத யார் பார்த்துக்கறாங்க, பெல்ட்டும் ஷேக்கிளும் இருக்கா, இல்ல பழைய கம்பிவடமும் சங்கிலியுமா. வடம் அறுந்தா சவுக்கா திரும்பி அடிக்கும், உயிரே போயிருக்கு. இழுக்கும்போது அந்த கயிறோட நீளத்துக்குள்ள யாருமே நிக்கக்கூடாது, செல்ஃபோன்ல படம் எடுக்குறவங்கள முதல்ல விரட்டணும்.

இந்த வாரம் பண்ண வேண்டியது: பானட்ட திறந்து எஞ்சின், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் துடைச்சு ஆர்சியோட ஒத்துப் பாருங்க, முன் குறுக்கு சட்டத்த படம் எடுங்க, ரெண்டு மூணு பழைய போல்ட் தலைய கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சு எஃப் இருக்கான்னு பாருங்க. படத்த போட்டீங்கன்னா என்ன வருஷத்து வண்டின்னு ஓரளவு சொல்ல பார்க்கறேன். மெக்கானிக் பேர பாட்டிகிட்ட கேளுங்க, அவங்களுக்கு கண்டிப்பா ஞாபகம் இருக்கும்.